நின்றவர்களின் பட்டியல்

பாப்பா,

நீ பஸ் ஏறிப் போய் இன்றோடு மூன்று நாள். பெங்களூர் வந்து சேர்ந்துவிட்டேன் என்று நீ போனில் சொன்ன பிறகும், நான் என்னவோ உன்னை ஏற்றிவிட்ட பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலேயே இன்னும் நின்றுகொண்டிருப்பதுபோல் இருக்கிறது. ஆத்தூர் வழியாகப் போகிற பஸ் வளைந்து, நீ உட்கார்ந்திருந்த ஜன்னல் என் பக்கம் வந்தபோது, "தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது அது இல்லை. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் டீக்கடையில் நின்றுகொண்டு நீ என்னிடம் ஒன்று சொன்னாய். அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. எப்போதும் நான் அப்படித்தான். பந்தி முடிந்து கை கழுவப் போகும்போது இலை போடச் சொல்கிற ஆள்.

தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வராது. அதனால் எழுதிய தாள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பப் போகிறேன். உறையில் போட்டு ஒட்டாத கடிதம் இது. உன் ஆபீசில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, எனக்குச் சம்மதம். உன் அம்மா கண் ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு எதிரில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பக்கமும் முடிகிறபோது "என்ன எழுதுனீங்க, படிங்க" என்கிறாள். ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்க, நீ சின்ன வயதில் காதில் வைத்துக் கேட்பாயே, அந்தச் சிப்பிக் கல்லைத்தான் மேலே வைத்திருக்கிறேன். அந்தக் கல் யார் கொடுத்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

டீக்கடையில் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்து. "அப்பா, ஆபீஸ்ல ரிப்போர்ட்டோட பேரையும் சேத்துக் கேக்குறாங்க. யாரு அதிகமா வேலை செய்யாம நிக்கிறாங்கன்னு ஒரு லிஸ்ட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். பேரு வெளிய போவாதுன்னு நான் வாக்கு குடுத்துத்தான் அவங்க எல்லாரும் பதிவுக்கு ஒத்துக்கிட்டாங்க." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "குடுத்துடலாம்னு இருக்கேன்ப்பா. நான் குடுக்கலன்னா வேற யாராச்சும் எடுத்துக் குடுக்கத்தான் போறாங்க" என்றாய். அந்தக் கடைசி வாக்கியம் என் வாக்கியம், பாப்பா.

அம்மா ஆபரேஷனுக்காக நீ அரியலூர் வந்து வீட்டிலிருந்தே வேலை செய்த அந்த ஒரு மாதத்தில்தான் உன் வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது. அதுவரை யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று மட்டும் சொல்லி மழுப்பிக்கொண்டிருந்தேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பதிவு செய்கிற வேலை. அவர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே சின்னதாக ஒரு புரோகிராம் உட்கார்ந்துகொண்டு, எதைத் தட்டுகிறார்கள், எதை அழிக்கிறார்கள், எந்தப் பக்கத்தைத் திறந்து எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், கை எப்போது நிற்கிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். நீயும் உன் ஆட்களும் அதை உட்கார்ந்து அலசுவீர்கள். "எங்க தடுக்கி விழுறாங்கன்னு தெரிஞ்சா அந்த எடத்துல கல்ல எடுத்துப் போட்டுடலாம்ல" என்றாய். சொன்னபோது உன் முகம் எவ்வளவு வெளிச்சமாக இருந்தது. நல்ல வேலைதான் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரியாகப் பதிகிறதா என்று பார்க்க நீ உன் கம்ப்யூட்டரிலேயே அதை ஓட விட்டாய். மறுநாள் என்னைக் கூப்பிட்டு உன் முந்தைய நாளை எனக்குப் போட்டுக் காட்டினாய். ஒரு நாள் முழுவதையும் கால் மணி நேரத்துக்குள் சுருக்கி ஓட்டினாய். அதை நான் மறக்கவே மாட்டேன். வெள்ளைத் திரையில் எழுத்துகள் தானாக முளைத்தன, தானாக மறைந்தன. ஒரு பத்தியை எழுதி அழித்தாய், மறுபடி எழுதினாய், மறுபடி அழித்தாய். நான்கு தடவை. தூக்கத்தில் புரண்டு புரண்டு படுக்கிற குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லாம் நின்றுபோனது. கீழே கடிகாரம் மட்டும் ஓடியது. பதினொன்று இருபதில் நின்றது, பன்னிரண்டு மணிக்குத்தான் மறுபடி எழுத்து வந்தது. வந்தபோது மடை திறந்ததுபோல் வந்தது, ஒரு எழுத்துகூட அழிக்கவில்லை.

"இந்த நேரத்துல நீ எங்க போன?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "நீங்கதானப்பா டேங்க் ரொம்புதா பாருன்னு மாடிக்குக் கூப்பிட்டீங்க!" ஆமாம். மோட்டார் மெதுவாக இறைத்தது. மொட்டை மாடியில் நீயும் நானும் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ரெட்டிபாளையம் பக்கம் போயின. லாரி போன பிறகு வெள்ளைப் புழுதி எழும்பி, வெயிலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வேப்பமரம் புழுதிக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் மாறிக்கொண்டே வந்ததை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். நிரம்பியதும் நீ இறங்கி ஓடினாய். "அந்த நேரத்துல யோசிச்சுத்தான் கண்டுபிடிச்சியா?" என்று கேட்டேன். "இல்லப்பா. நெஜமா ஒண்ணுமே யோசிக்கல. சும்மா நின்னேன்" என்றாய். பிறகு, பெரிய விஷயமாக இல்லாமல், வேறு ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே கேட்டாய்: "நீங்க ஃபேக்டரில வாட்ச்சும் கையுமா நிப்பீங்கள்ல, அவங்க ஏன் நின்னாங்கன்னு எப்பயாச்சும் அவங்ககிட்டயே கேட்டிருக்கீங்களாப்பா?"

நான் டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

உனக்கு என் வேலை தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். சிமெண்ட் ஃபேக்டரியில் நான் பரீட்சை அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு, கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆட்கள் பின்னாலேயே நடப்பேன். எந்த வேலைக்கு எத்தனை நிமிடம், எத்தனை நடை, எத்தனை நிமிடம் வெறுமனே நின்றார்கள் என்று எழுதுவதுதான் என் வேலை. எனக்கு ஒரு பெயரே இல்லாமல் போயிற்று. எல்லாருக்கும் நான் "வாட்ச் சார்". நான் வருகிறேன் என்றால் பீடியை அணைத்துவிட்டு எல்லாரும் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெருமை வீட்டுக்கும் வந்தது. நீ பத்தாவது படிக்கும்போது நான் செய்த கூத்து உனக்கு மறந்திருக்காது. நீ புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் எதிரில் வாட்ச்சோடு உட்கார்ந்து, படித்தது இவ்வளவு, ஜன்னலைப் பார்த்தது இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதினேன். "யோசிக்கிறேன்ப்பா" என்று நீ அழாத குறையாகச் சொன்னாய். "யோசிக்கிறதுக்கு எதுக்கு ஜன்னலு?" என்று கேட்டேன். நாலாவது நாள் வாட்ச்சைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். அந்த மாதம் அரிசி தீரும்போது டிரம்மின் அடியிலிருந்து உன் அம்மா எடுத்துக் கொடுத்தாள். "எலி கொண்டுபோயிருக்கும்" என்றாள். அவ்வளவு பெரிய எலி அரியலூரில் கிடையாது என்று தெரிந்தும் வாட்ச்சை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இதைப் படித்துக் காட்டும்போது கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிரிக்கிறாள், பார்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. சுரங்கத்திலிருந்து ஃபேக்டரிக்குக் கல்லைக் கொண்டுவருகிற பெல்ட் நீளமாக ஓடும். மேலேயும் ஓரத்திலும் தகரம் அடைத்து, பக்கத்தில் ஆள் நடக்க ஒரு பாதை இருக்கும். கீழே சிந்திய கல்லை அள்ளிப் போட்டுக்கொண்டு, ரோலர்கள் சுற்றுகின்றனவா என்று பார்த்துக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிற வேலை கலியமூர்த்திக்கு. ஒல்லியான மனுஷன், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். பாதி வழியில் ஓர் இடத்தில் ஓரத்துத் தகரம் பெயர்ந்து வெளியே தெரிந்தது. ஒவ்வொரு நடைக்கும் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். நான் பின்னால் நிற்பது தெரிந்தும் நிற்பார். மற்றவர்கள்போல் எனக்காக அவசரப்பட்டது கிடையாது. ஒருநாள் அந்த இடத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்து, "இந்தாங்க சார், சிப்பி இருக்கு பாருங்க. பாப்பாகிட்ட குடுங்க" என்று என் அட்டை மேல் வைத்தார். இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாமே. அந்தக் கல்தான் இப்போது இந்தத் தாள்களின் மேல் இருக்கிறது. நான் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, அது இருந்த இடத்துத் தாளில் "வெறுமனே நின்றது: மூன்று நிமிடம்" என்று எழுதினேன்.

அந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஷிப்டுக்கு இரண்டு ஆள் வேண்டாம், ஒரு ஆள் போதும் என்று மேலே முடிவு செய்தார்கள். கலியமூர்த்தியை மூட்டை ஏற்றுகிற இடத்துக்கு மாற்றினார்கள். லாரியில் சிமெண்ட் மூட்டை அடுக்குகிற வேலை. அந்த வயதில், அந்த உடம்புக்கு. நான் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதத்தான் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். சில மாதம் கழித்து அந்தத் தகரம் பெயர்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரோலர் இறுகி, பெல்ட் நீளத்துக்குக் கிழிந்தது. ஃபேக்டரி நின்றுபோனது. அப்போது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அங்க நிப்பானே ஒருத்தன், அவன் எதையாச்சும் செக் பண்ணிக்கிட்டிருந்தானா? உங்க நோட்டுல இருக்கா?" என்று கேட்டார். தெரியாது சார், நான் அவரைக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அதைச் சொன்னால் என் தாள் அத்தனையும் பொய்யாகிவிடுமே. "ஒண்ணும் இல்ல சார். வெறுமனேதான் நின்னான்" என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் தலையை ஆட்டினார். கலியமூர்த்தி வேலையை விட்டுப் போகிற வரைக்கும் மூட்டைதான் சுமந்தார். நான் செய்த தப்பு அதுதான் பாப்பா. முதலில் எழுதியது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை வாயால் சொன்னதற்கு அந்தச் சாக்கு கிடையாது.

உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு மத்தியானம் படுத்தேன். ஒரு சொப்பனம். அந்த பெல்ட் ஓடுகிறது, ஆனால் அதன் மேல் கல் இல்லை. உன் திரையில் பார்த்த எழுத்துகள் குவியல் குவியலாகப் போகின்றன. நான் பக்கத்தில் அட்டையோடு நடக்கிறேன். தகரம் பெயர்ந்த இடத்தில் உன்னைப்போல் ஒருத்தி நிற்கிறாள், முகம் வெளியே பார்த்திருக்கிறது. கேட்கலாம் என்று வாயைத் திறக்கிறேன், வாய்க்குள் சுண்ணாம்புப் புழுதி. முழித்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, டேங்க் வழிந்து மாடியெல்லாம் தண்ணீர். உன் அம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

நேற்று கிளம்பிவிட்டேன். கலியமூர்த்தி ஊர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கம். இரண்டு பஸ் மாறிப் போனேன். கோயில் விமானம் முதலில் ஜன்னலுக்கு வலது பக்கம் தெரிந்தது, அப்புறம் இடது பக்கம் தெரிந்தது. பஸ்தான் வளைந்தது, எனக்கென்னவோ அது எங்களைச் சுற்றி வருவதுபோல் இருந்தது. முந்திரிக்காட்டு ஓரத்தில் இறங்கி விசாரித்தேன். மர நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பழத்திலிருந்து கொட்டையைத் திருகித் திருகிப் போட்டுக்கொண்டிருந்தார். காடு முழுக்கப் பழ வாசம். எழுந்தபோது இடுப்பு நிமிரவில்லை.

"யாரு, வாட்ச் சாரா? வாங்க சார், வாங்க. ஒக்காருங்க."

நான் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் கேட்காமலே திரும்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். "கலியமூர்த்தி, அந்தத் தகரம் பேந்த எடத்துல ஒவ்வொரு நடைக்கும் நிப்பீங்களே. என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "இதக் கேக்கவா ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?" இன்னொரு பழத்தை எடுத்துத் திருகினார். "ஒரு நாளைக்கு ரோலரு சத்தம் வேற மாரி இருக்கும், காதக் குடுத்துக் கேப்பேன். ஒரு நாளைக்குக் காலு வலிக்கும். ஒரு நாளைக்கு வெளிய அந்தக் கல்லு வெட்டுன பள்ளத்துத் தண்ணியில கொக்கு வந்து எறங்கும், அதப் பாத்துக்கிட்டு நிப்பேன். நீங்க எந்த நாளு எழுதுனீங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"பெல்ட்டு கிழிஞ்சுதே. நீங்க அங்கயே இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

"யாருக்கு சார் தெரியும்? புடிச்சாலும் புடிச்சிருப்பேன். கொக்கப் பாத்துக்கிட்டு விட்டாலும் விட்டிருப்பேன்."

இத்தனை வருடமாக நான் எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவர் சும்மா நிற்கவில்லை, ரோலர் சத்தத்தைத்தான் கேட்டார், அதனால்தான் நான் செய்தது தப்பு என்று. அவர் அந்தக் கணக்கையும் கலைத்துவிட்டார். கொக்கைப் பார்த்த நாளும் உண்டு என்கிறார். அந்த நாளிலும் நான் செய்தது தப்புதான் என்று முந்திரி மரத்தடியில்தான் எனக்கு உறைத்தது. "நான் தப்பு பண்ணிட்டேன் கலியமூர்த்தி. உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டேன். அப்பறம் கேட்டப்பவும் உண்மையச் சொல்லல" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கொட்டையைத் திருகுவதை நிறுத்தவில்லை. திருகிக்கொண்டே சொன்னார். "நான் நின்னப்ப நீங்களும் எம் பின்னாடி அட்டையோட நின்னீங்கல்ல. நான் மூணு நிமிஷம்னா நீங்களும் மூணு நிமிஷம். என்னைய மட்டும் எழுதுனீங்க சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பாப்பா இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று விடாமல் கேட்டார். "புரோகிராம் எழுதுறவங்க எப்படி வேலை செய்யுறாங்கன்னு பதிஞ்சு பாக்குற வேலை" என்றேன்.

"அட, உங்க வேலையேவா?" என்றார். ஒரு பை நிறைய முந்திரிக்கொட்டை கொடுத்தனுப்பியிருக்கிறார், உனக்கு.

இப்போது உன் ஆபீசுக்கு வருகிறேன். அந்தத் தாடிக்காரரைப் பற்றி நீ சொன்னாயே. நாளெல்லாம் பத்து வரிதான் எழுதுவார், மற்ற நேரமெல்லாம் அடுத்தவர்கள் எழுதியதைப் படிப்பார், பாதி நேரம் கை அசையாது, பட்டியல் போட்டால் அவர் பெயர்தான் முதலில் வரும் என்றாய். "உனக்காகத்தாம்மா ஒத்துக்கிட்டேன்" என்று அவர் உன்னிடம் சொன்னதையும் நீதான் சொன்னாய். கை நிற்கும்போது அவர் யோசிக்கிறாரா, கொக்கைப் பார்க்கிறாரா, எனக்குத் தெரியாது. உன் பதிவுக்கும் தெரியாது. என் வாட்ச்சைவிட உன்னுடையது ஆயிரம் மடங்கு கெட்டிக்காரத்தனமானது, ஆனால் நிற்கிற இடத்தில் இரண்டுக்கும் ஒரே வெற்றிடம்தான். இதையெல்லாம் படித்துக் காட்டிவிட்டு உன் அம்மாவிடம், "பட்டியல் குடுக்காம போனா புள்ளைக்கு வேலை போயிடுமே" என்றேன். "போனா போவுது. கெணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டுக்கிட்டுப் போவப்போவுது?" என்றாள். அவளுக்கு என்ன, வாட்ச்சையே அரிசிக்குள் புதைத்தவள்.

எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. பயம்தான். கொடுக்காதே என்று உனக்குச் சொல்ல, கொடுத்த ஆளுக்கு என்ன வாய் இருக்கிறது? அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியலை எழுதத்தான் வேண்டும் என்றால், அந்தத் தாடிக்காரர் பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விடு. அதில் உன் பெயரை எழுது. வேலை நாளில், பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும், அரியலூரில் ஒரு மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நின்றாள் என்று எழுது. உன்னிடம் பதிவு இருக்கிறது. சாட்சி யார் என்று கேட்டால் என்னைச் சொல். இந்தத் தடவை யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: பக்கத்தில் நானும் நின்றேன்.

உன்
அப்பா